தொடாமலே இழுக்கும் மூன்று விசைகள்: புவியீர்ப்பு, காந்தம், நிலைமின் – வீட்டு மேசையில் செய்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒக்ரோபர் மாதத்து ஞாயிறு ஒன்றின் பிற்பகல். வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையைச் சுற்றித் தரம் 8 பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் சீப்பைத் தலைமயிரில் தேய்த்து, கிழித்துப் போட்ட கடதாசித் துண்டுகளுக்கு மேலே பிடித்தார்கள். ஒரு துண்டுகூட அசையவில்லை. அதற்குள் ஒரு பிள்ளை கொப்பியைத் திறந்து, "கடதாசித் துண்டுகள் சீப்பினால் கவரப்பட்டன" என்று எழுதத் தொடங்கிவிட்டாள்.

"ஒன்றும் அசையவில்லையே பிள்ளை?" என்று கேட்டேன்.

"புத்தகத்தில் அப்படித்தானே ரீச்சர் இருக்கிறது?" என்றாள்.

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. புத்தகம் சொன்னது பிழையில்லை. அவள் கண்டதும் பிழையில்லை. இரண்டுக்கும் நடுவில் கொழும்பின் ஈரக் காற்று நின்றது. அதைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. கீழே உள்ள ஒவ்வொரு சோதனையும் இந்த ஊரில், இந்த ஊரின் சாமான்களோடு, இந்த ஊரின் காற்றிலேயே செய்து பார்க்கக்கூடியது. சரிவராமல் போனால் ஏன் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகள் தனியாகவே வாசிக்கலாம். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

படி 1: சாமான்களைச் சேர்த்தல்

முக்கால்வாசி வீட்டிலேயே இருக்கும். நூல், ஒரு பூட்டு, மீற்றர் அளவுநாடா, செக்கன் காட்டும் கைபேசி, தண்ணீர்ப் போத்தல், தையல் ஊசி, பிளாஸ்டிக் அடிமட்டம், செலோடேப், கொஞ்சம் ரிஜிபோம், உப்பு, மிளகுத்தூள் ஆகியன போதும். நுவரெலியா போனபோது வாங்கிய கம்பளிச் சுவெட்டர் அலமாரியில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். காந்தத்தை மட்டும் வாங்க வேண்டியிருக்கலாம். புறக்கோட்டையில் இலத்திரனியல் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பழுதான ஒலிபெருக்கி ஒன்று கைவசம் இருந்தால் அதன் பின்புறத்தில் உள்ள வட்டக் காந்தமே போதுமானது.

பளபளவென்று வெள்ளி நிறத்தில், குண்டுமணி அளவில் விற்கும் சிறு காந்தங்கள் மிகவும் வலியவை. சின்னத் தம்பி தங்கை இருக்கும் வீட்டில் அவற்றை வைத்திருக்கவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, குடலில் துளையே விழச் செய்துவிடும். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் எந்தக் காந்தத்தையும் அவர்களின் நெஞ்சருகே கொண்டுபோகக் கூடாது.

படி 2: சொற்களைச் சரிசெய்தல்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நம் பிள்ளைகளில் பலர் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து விஞ்ஞானம் படிக்கிறார்கள். அவற்றில் மிக நல்லவையும் உண்டு. ஆனால் அங்குள்ள பாடநூற் சொல்லும் இங்குள்ள சொல்லும் எப்போதும் ஒன்றல்ல. மிக மோசமாகக் குழப்பும் சொல் "நிறை".

ஒரு பொருளில் எவ்வளவு பதார்த்தம் இருக்கிறது என்பதை இலங்கைப் பாடநூல்கள் திணிவு என்கின்றன. அதைக் கிலோகிராமில் அளக்கிறோம். அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது நிறை. அதை நியூற்றனில் அளக்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ முதலாவதன் பெயர்தான் நிறை. இரண்டாவதை எடை என்கிறார்கள். அங்கே பார்த்ததை இங்கே பரீட்சையில் எழுதினால் விடை தலைகீழாகிவிடும். இதேபோல, வேகம் கூடும் வீதத்தை அவர்கள் முடுக்கம் என்பார்கள், நமக்கு அது ஆர்முடுகல். மின்னூட்டம் என்பது நமக்கு ஏற்றம். எலக்ட்ரான் என்பது நமக்கு இலத்திரன். எந்தச் சொல்லும் தாழ்ந்ததில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்திருக்கிறோம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே இலங்கைச் சொற்களையே எழுதுகிறேன்.

படி 3: புவியீர்ப்பு

முதலில் ஒரு நாணயத்தை எடுங்கள். அதைவிடச் சற்றுச் சிறிதாகக் கடதாசியில் ஒரு வட்டம் வெட்டுங்கள். இரண்டையும் இரு கைகளில் ஒரே உயரத்தில் பிடித்து ஒரே நேரத்தில் விடுங்கள். நாணயம் நேரே விழும், கடதாசி ஆடி அசைந்து பின்னால் வரும். இப்போது கடதாசி வட்டத்தை நாணயத்தின் மேல் வைத்து, நாணயத்தைக் கிடையாகப் பிடித்து விடுங்கள். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொடும். கடதாசியை நாணயத்தில் யாரும் ஒட்டவில்லை. நாணயம் முன்னே போய்க் காற்றை விலக்கிவிடுவதால் கடதாசியைத் தடுக்க எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

பாரமான பொருள் வேகமாக விழும் என்று நினைப்பது இயல்பு. பூமி அதை அதிக விசையோடு இழுப்பது உண்மைதான். ஆனால் திணிவு கூடிய பொருளை அசைப்பதற்கும் அதே அளவு அதிக விசை வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. 1971 ஓகஸ்ட் 2 அன்று அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட், காற்றே இல்லாத சந்திரனில் நின்றுகொண்டு ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

அடுத்து, பூமியின் இழுவையை நீங்களே அளக்கலாம். இந்தச் சோதனையை நான் மிகவும் விரும்புகிறேன். ஒரு பூட்டும் நூலும் கொண்டு ஒரு கோளின் இயல்பை அளப்பது சின்ன விடயமா?

யன்னல் கம்பியிலோ கதவு மேற்சட்டத்து ஆணியிலோ நூலைக் கட்டிப் பூட்டைத் தொங்கவிடுங்கள். கட்டிய இடத்திலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீற்றர் இருக்க வேண்டும். முடிச்சு வரை அளந்து நிறுத்திவிடாதீர்கள். பூட்டை ஒரு சாண் தூரத்துக்கும் குறைவாக இழுத்து, தள்ளாமல் விடுங்கள். போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு. அப்படி 20 அலைவுகளுக்கு எத்தனை செக்கன் என்று பாருங்கள். அந்த நேரத்தை 20ஆல் வகுத்தால் ஓர் அலைவின் நேரம் கிடைக்கும். அதை அதனாலேயே பெருக்குங்கள். 39.5ஐ அந்த விடையால் வகுத்தால் வருவதுதான் புவியீர்ப்பினாலான ஆர்முடுகல். 39.5 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை உயர்தரத்தில் படிப்பீர்கள். இப்போதைக்கு நம்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

20 அலைவுகளுக்கு 40.2 செக்கன் வந்தால், ஓர் அலைவுக்கு 2.01 செக்கன். அதன் வர்க்கம் 4.04. விடை 9.78. கொழும்பில் இருக்க வேண்டிய பெறுமானமும் அதுவே. அலகு, செக்கனின் வர்க்கத்துக்கு மீற்றர். துருவங்களில் இது 9.83 வரை ஏறுகிறது. பூமி சுழல்வதாலும், நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும், மத்திய கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்குச் சற்றுக் குறைவு.

உங்களுக்கு 10.8 போல ஓர் எண் வந்தால் பூட்டையோ நூலையோ குறை சொல்லாதீர்கள். பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். பூட்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். அப்படி எண்ணினால் "இருபது" என்று சொல்லும்போது உண்மையில் 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். விடும்போது "பூச்சியம்" என்று சொல்லிப் பழகுங்கள். என் மேசையில் ஆறு பேரில் நான்கு பேர் இந்தக் குழியில் விழுந்தார்கள்.

மூன்றாவது சோதனைக்குக் குளியலறை அல்லது முற்றம் வேண்டும். பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பகுதிக்கு அருகே பக்கத்தில் ஒரு துளையிட்டு, விரலால் மூடித் தண்ணீர் நிரப்புங்கள். மூடியைக் கழற்றி விரலை எடுத்தால் தண்ணீர் பீறிடும். இப்போது போத்தலை உயரத்திலிருந்து கீழே விடுங்கள். விழும் அந்தக் கணத்தில் துளையிலிருந்து தண்ணீர் வருவது நின்றுவிடும். கைபேசியில் மெதுவாக ஓடும் காணொளியாகப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். போத்தலும் தண்ணீரும் ஒரே ஆர்முடுகலோடு விழுவதால் தண்ணீர் போத்தலின் அடியை அழுத்துவதில்லை.

"விண்வெளியில் புவியீர்ப்பு இல்லை, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள்" என்று எழுதும் பிள்ளைகள் இந்தப் போத்தலை நினைத்துக்கொள்ள வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கேயும் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கிறார்கள். நம் போத்தலும் தண்ணீரும் போலத்தான்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் குளியலறைத் தராசை லிப்டுக்குள் எடுத்துப் போய் அதன் மேல் நின்று பாருங்கள். லிப்ட் மேலே புறப்படும் கணத்தில் முள் ஏறும், மேலே போய் நிற்கப்போகும்போது இறங்கும். உங்கள் திணிவு மாறவில்லை. தராசு உங்களைத் தாங்கும் விசைதான் மாறியது. 40 கிலோகிராம் திணிவுள்ள பிள்ளையின் நிறை கொழும்பில் ஏறத்தாழ 391 நியூற்றன். அதே பிள்ளை சந்திரனில் 65 நியூற்றன்தான் இருக்கும்.

நம் தீவுக்கு அருகில் உள்ள ஓர் அதிசயத்தையும் சொல்லியாக வேண்டும். பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே சீராக இல்லை. உலகிலேயே அது மிகவும் தளர்ந்திருக்கும் பெரும் பரப்பு இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. பூமியைச் சீரான வடிவமாக வைத்துக் கணித்த மட்டத்தைவிட அங்கே கடலின் மேற்பரப்பு 100 மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்குப் பள்ளம் எதுவும் தெரியாது. தண்ணீர் ஓடாமல் நிற்கும் மட்டமே அங்கு அதுதான்.

படி 4: காந்தம்

முதலில் ஊகியுங்கள், பிறகு சோதியுங்கள். சாவி, ஆணி, எவர்சில்வர் கரண்டி, அலுமினியச் சட்டி, செப்புக் கம்பி, உண்டியலில் உள்ள நாணயங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எது காந்தத்தில் ஒட்டும் என்று கொப்பியில் எழுதிவிட்டுத்தான் காந்தத்தைத் தொட வேண்டும். நாணயங்கள் உங்களை ஏமாற்றும். செம்பும் நிக்கலும் கலந்து அடித்த பழைய நாணயங்கள் ஒட்டமாட்டா. உருக்கின் மேல் முலாம் பூசிய பிந்திய நாணயங்கள் ஓடி வந்து ஒட்டும். எவர்சில்வரிலும் அப்படித்தான். ஒரு கரண்டி ஒட்டும், பக்கத்துக் கரண்டி ஒட்டாது. அந்த உருக்கில் நிக்கல் எவ்வளவு கலந்தது, இரும்பின் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து இது மாறும். ஆகவே "உலோகம் எல்லாம் காந்தத்தில் ஒட்டும்" என்ற வாக்கியத்தை இன்றோடு மறந்துவிடுங்கள். இரும்பு, நிக்கல், கோபால்ற்று ஆகிய மூன்றும் அவற்றின் சில கலப்புகளுமே நாளாந்த வாழ்வில் அப்படி ஒட்டுகின்றன. பொன் ஒட்டாது. நகைப் பட்டறையில் ராவிய பொன்தூளுக்குள் அரத்திலிருந்து விழுந்த இரும்புத்தூள் கலந்துவிட்டால், காந்தத்தை மேலே ஓட்டி இரும்பை மட்டும் எடுத்துவிடலாம்.

இனி ஊசியைத் திசையறிகருவியாக்குவோம். தையல் ஊசியை மேசையில் வைத்து, காந்தத்தின் ஒரு முனைவால் ஊசியின் காதிலிருந்து கூர்வரை தேய்த்து, காந்தத்தை நன்றாக உயர்த்தி, மறுபடி காதிலிருந்தே தொடங்குங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் செய்த வேலை அழிந்துவிடும். நாற்பது முறை போதும். இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ சிறு பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவை ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பதால் ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடுகிறது. நீங்கள் ஒரே திசையில் தேய்க்கத் தேய்க்க அவை ஒரு பக்கம் திரும்புகின்றன.

ஊசியைச் சிறு ரிஜிபோம் துண்டின் மேல் படுக்கவைத்து, பிளாஸ்டிக் பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். மெல்லத் திரும்பி ஒரு திசையில் நிற்கும். கையால் திருப்பிவிட்டாலும் அதே திசைக்கு வரும். அது வடக்கு தெற்குக் கோடு. இரண்டு முனையில் எது வடக்கு? நம் ஊரில் இதற்கு மிக எளிய வழி இருக்கிறது. வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடல் மேற்கே. கடல் உங்கள் இடக்கைப் பக்கம் வரும்படி நின்றால் நீங்கள் பார்ப்பது வடக்கு. அந்தப் பக்கம் பார்க்கும் முனையில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள்.

ஊசி கடலைப் பார்த்து நின்றால்? என் வீட்டிலேயே முதன்முறை அப்படித்தான் நின்றது. மேசை கொங்கிறீற்றுத் தூணை ஒட்டி இருந்தது. தூணுக்குள் இருந்த இரும்புக் கம்பிகள் ஊசியைத் தம் பக்கம் இழுத்துவிட்டன. பாத்திரத்தைக் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுபோனதும் சரியாகிவிட்டது. கடற்கரைக்குப் போய்ச் செய்தாலும் தண்டவாளத்திலிருந்து தள்ளி நில்லுங்கள்.

ஊசியின் வடமுனைவு வடக்கே இழுக்கப்படுகிறது என்றால், பூமியின் வடபுறத்தில் இருக்கும் காந்த முனைவு எது? ஒவ்வாத முனைவுகளே கவரும். ஆகவே அங்கே இருப்பது காந்தத் தென்முனைவு. பரீட்சைக்காரர்களுக்குப் பிடித்த கேள்வி இது. பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600இல் எழுதியவர் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் கில்பேர்ட். அதற்கு நெடுங்காலம் முன்பே சீன மாலுமிகள் காந்த ஊசியை நம்பிக் கடலோடினார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் வருகையைச் சொல்லும், 1409ஆம் ஆண்டு பொறித்த கல்வெட்டு காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதிய அந்தக் கல்லைக் கொழும்புத் தேசிய நூதனசாலையில் பார்க்கலாம்.

பூமியின் காந்தப்புலம் எல்லா இடங்களிலும் தரைக்குச் சமாந்தரமாகப் போவதில்லை. ஐரோப்பாவில் ஊசியை அந்தரத்தில் தொங்கவிட்டால் அதன் வடமுனைவு நன்றாகக் கீழ்நோக்கிச் சாயும். நமக்கோ அது ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். ஊசி முற்றிலும் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த மத்திய கோடு நமக்கு அருகே தென்னிந்தியாவின் வழியாகப் போவதே காரணம். 1963 நவம்பர் 21 அன்று இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெற்றைக் கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவியதற்கும் அந்தக் கோட்டின் அருகாமையே காரணம். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் திசையறிகருவி இங்கே ஒரு பக்கம் சாய்ந்து தட்டுப்படுவதும் இதனால்தான். அந்த நாட்டுச் சாய்வுக்கு ஏற்ப எதிரெடை வைத்துச் செய்யப்பட்டது அது.

காந்தமாக்கிய பழைய ஊசியை, பெரியவர் ஒருவர் துணியால் மூடிக் குறட்டால் இரண்டாக முறித்துத் தரட்டும். ஒரு துண்டில் வடக்கும் மறுதுண்டில் தெற்கும் இருக்கும் என்றுதான் தோன்றும். இரண்டையும் மிதக்கவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் முழுக் காந்தமாக இருக்கும்.

படி 5: நிலைமின்

இப்போது அந்த மழை நாளுக்கு வருவோம். எல்லாப் பொருளின் அணுக்களிலும் நேர் ஏற்றமுள்ள புரோத்தன்களும் மறை ஏற்றமுள்ள இலத்திரன்களும் சம அளவில் இருக்கின்றன. இரண்டு பொருள்களை உரசிப் பிரிக்கும்போது ஒன்றிலிருந்து சில இலத்திரன்கள் மற்றதற்குப் போய்விடுகின்றன. இழந்தது நேர் ஏற்றம் பெறும், வாங்கிக்கொண்டது மறை ஏற்றம் பெறும். இப்படிப் பொருளில் தேங்கி நிற்கும் ஏற்றமே நிலைமின். புரோத்தன் இடம் மாறுவதே இல்லை. "நேர் ஏற்றம் பாய்ந்தது" என்று எழுதினால் புள்ளி போய்விடும்.

சீப்பும் மயிரும் உரசியபோது அந்த ஞாயிறும் இலத்திரன்கள் இடம் மாறத்தான் செய்தன. ஆனால் கொழும்பின் காற்றில் நீராவி மிகுதி. பொருள்களின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று எப்போதும் படிந்திருக்கிறது. சேர்ந்த ஏற்றம் அந்தப் படலத்தின் வழியே கைக்கும் காற்றுக்கும் கசிந்துவிட்டது. ஐரோப்பியக் குளிர்கால அறையில் பல நிமிடம் நிற்கும் ஏற்றம் நம் மழைநாளில் சில செக்கனும் நிற்பதில்லை.

வழி இருக்கிறது. குளிரூட்டிய அறை காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். அரை மணி நேரம் அறையை மூடி வைத்து, சாமான்களையும் உள்ளேயே வைத்திருங்கள். அது இல்லாத வீட்டில், தலைமயிர் உலர்த்தும் கருவியால் அடிமட்டத்தையும் சுவெட்டரையும் ஒரு நிமிடம் சூடாக்குங்கள். தலையில் எண்ணெய் வைத்த நாளில் மயிரில் தேய்க்கவே வேண்டாம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் வறண்ட பகல் எல்லாவற்றிலும் சிறந்தது.

இவை எதுவும் கைகூடாவிட்டாலும் பெரும்பாலும் கைவிடாத ஒன்று செலோடேப். பிய்த்தவுடனேயே சோதிப்பதால் ஈரம் படிய நேரம் போதாது. மேசையில் ஒரு நீளத் துண்டை அடித்தளமாக ஒட்டிவிடுங்கள். அதன் மேல் ஒரு சாண் நீளத் துண்டு ஒன்றை ஒட்டி, பிடிப்பதற்கு ஒரு முனையை மடித்து வைத்து, சடாரென்று பிய்த்து எடுங்கள். இதேபோல இன்னொன்று. இரண்டையும் தொங்கவிட்டு நெருக்கினால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகும். இரண்டும் ஒரே விதமாகப் பிய்க்கப்பட்டவை. அதனால் ஒரே ஏற்றம்.

அடுத்து, அடித்தளத்தின் மேல் ஒரு துண்டு, அதன் முதுகில் இன்னொரு துண்டு. கீழ்த்துண்டில் "கீ", மேல்துண்டில் "மே" என்று எழுதுங்கள். இரண்டையும் சேர்த்தே மெதுவாக உரித்து, விரலால் முழு நீளத்துக்கும் தடவிவிடுங்கள். பிறகு ஒன்றிலிருந்து மற்றதைச் சடாரென்று பிரியுங்கள். இப்போது நெருக்கினால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்று இழந்தது, மற்றது வாங்கியது. ஒத்த ஏற்றங்கள் தள்ளும், ஒவ்வாத ஏற்றங்கள் கவரும் என்ற விதியை எத்தனையோ பேர் மனப்பாடம் செய்கிறார்கள். பத்து ரூபாய்கூடப் பெறாத டேப்பில் அதைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் என் மேசையில் எழுந்து நின்று சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்காகவே நான் படிப்பிக்கிறேன்.

கவனித்த பிள்ளை ஒன்று கேட்க வேண்டிய கேள்வி: கடதாசித் துண்டில் ஏற்றமே இல்லையே, சீப்பு ஏன் அதைக் கவர்கிறது? மறை ஏற்றமுள்ள சீப்பு அருகே வரும்போது கடதாசியின் அணுக்களில் உள்ள இலத்திரன்கள் மிகச் சற்றே அப்பால் தள்ளப்படுகின்றன. சீப்பைப் பார்த்த பக்கம் நேர் ஏற்றம் சற்று மேலோங்குகிறது. அருகில் உள்ள அதன் கவர்ச்சி, தூரத்தில் உள்ளதன் தள்ளுகையைவிட வலியது. கடதாசி எழும்பிவிடுகிறது. குழாயைத் திறந்து நூல்போலத் தண்ணீர் விழவைத்து, உரசிய அடிமட்டத்தைத் தொடாமல் அருகே கொண்டுபோனால் தண்ணீரும் வளைந்து வருவதைக் காணலாம்.

இலத்திரன் என்ற சொல்லுக்கு மூலம் அம்பர் என்ற மரப்பிசின் கல்லுக்கான பண்டைய கிரேக்கப் பெயர். அதை உரசினால் வைக்கோல் துரும்பை இழுக்கும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். காந்தம் இழுப்பதும் அம்பர் இழுப்பதும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டியவரும் அதே கில்பேர்ட்தான்.

படி 6: எந்த விசை என்று கண்டுபிடித்தல்

ஒரு பொருள் இன்னொன்றைத் தொடாமல் இழுக்கிறது. எந்த விசை? இரும்பை மட்டும் இழுத்து, கடதாசியைப் பொருட்படுத்தாவிட்டால் காந்தம். உரசிய பிறகு மட்டும் இழுத்து, கையால் தடவியதும் ஓய்ந்தால் நிலைமின். இரண்டும் கவரவும் செய்யும், தள்ளவும் செய்யும். புவியீர்ப்பு தள்ளியதாக ஒருபோதும் இல்லை. அதிலிருந்து தப்பும் பொருளும் இல்லை. தனி நேர் ஏற்றத்தைப் பெறலாம், தனி வடமுனைவைப் பெற முடியாது என்பதை முறித்த ஊசி காட்டியது.

ஓர் இரும்புத்துண்டு காந்தமா என்று அறிய, கவர்ச்சி சாட்சியாகாது. வெறும் இரும்பும் காந்தத்தோடு ஒட்டும். தள்ளுகைதான் சாட்சி.

எது வலியது? மேசையில் கிடக்கும் குண்டூசியைச் சிறு காந்தத்தால் தூக்குங்கள். கீழே இழுப்பது முழுப் பூமி. அதன் திணிவு கிலோகிராமில் 6 எழுதி 24 பூச்சியங்கள் போட வேண்டிய எண். வெல்வது உங்கள் விரலிடுக்கில் உள்ள காந்தம்.

படி 7: மின்னல் நாட்களில்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கும்போது நடப்பது செலோடேப்பில் கண்டதன் பெருவடிவம். மேகத்துக்குள் பனித்துணிக்கைகள் மோதி உரசி ஏற்றங்கள் பிரிகின்றன. காற்றால் தாங்க முடியாத கட்டத்தில் அவை பாய்கின்றன. மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் தூரம். 30 செக்கனுக்குள் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தின் கீழ், குறிப்பாகத் தென்னையின் கீழ் ஒதுங்கக் கூடாது.

பெஞ்சமின் பிராங்கிளின் 1752இல் செய்ததாகச் சொல்லும் பட்டச் சோதனையைப் படித்துவிட்டுக் காலிமுகத்திடலில் முயல நினைக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த ஆண்டு நடந்ததையும் படிக்க வேண்டும். 1753இல் ரஷ்யாவில் மின்னலை அளக்க முயன்ற ரிக்மன் என்ற விஞ்ஞானி அந்த மின்னல் தாக்கியே இறந்தார். கருமேகம் கண்டால் பட்டத்தை இறக்கிவிடுங்கள்.

படி 8: மூன்றையும் ஒரே நாளில்

கடற்கரைக்குப் போனால் கரிய மணிகள் கலந்த இடமாகப் பார்த்து ஒரு பிடி மணல் எடுத்து வாருங்கள். தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு, அம்மம்மா அரிக்கன் சட்டியில் அரிசி அரித்ததுபோல மெல்லச் சுழற்றிச் சுழற்றி வடியுங்கள். அரிசியில் பாரமான கல் அடியில் தங்கும். இங்கே இலேசான வெண்மணல் போய்க் கருமணல் தங்கும். அது புவியீர்ப்பின் வேலை. கருமணலை வெயிலில் காயவைத்து, காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி மேலே ஓட்டுங்கள். ஒரு பகுதி எழும்பி ஒட்டும், ஒரு பகுதி கிடக்கும்.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் கனிய மணல் பிரிப்பதும் இதே முறையில்தான். பாரமான மணிகளைத் தண்ணீரோடு ஓடவிட்டுப் பிரித்து, வலிய காந்தங்களால் இல்மனைற்று என்ற கரிய கனியத்தை எடுக்கிறார்கள். எஞ்சும் ரூற்றைல், சேர்கோன் என்ற இரண்டு கனியங்களும் காந்தத்துக்கு அடங்காதவை. அவற்றைப் பிரிக்க நிலைமின் வருகிறது. மணிகளுக்கு ஏற்றம் கொடுத்துச் சுழலும் உலோக உருளையில் விழவிட்டால், மின்னைக் கடத்தும் ரூற்றைல் ஏற்றத்தை இழந்து தெறித்துப் போகும். கடத்தாத சேர்கோன் உருளையோடு ஒட்டிக்கொண்டு சுற்றி, அப்பால் விழும்.

அந்த மூன்றாவது வேலையின் சின்ன உருவத்துக்கு உலர்ந்த தட்டில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து பரப்புங்கள். அடிமட்டத்தைச் சுவெட்டரில் இருபது முறை உரசி, தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, மெல்ல மெல்ல இறக்குங்கள். விரற்கடை தூரம் வரும்போது மிளகின் முதல் துணுக்கு துள்ளும். அங்கேயே கையை நிறுத்துங்கள். இன்னும் இறக்கினால் உப்பும் ஏறிவிடும்.

அன்று கொப்பியில் எழுதத் தொடங்கிய பிள்ளை, அடுத்த ஞாயிறு குளிரூட்டிய அறையில் இதைச் செய்தாள். அவளுடைய கொப்பியில் இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன: "மழைநாள்: அசையவில்லை. உலர்ந்த அறை: 2 சென்ரிமீற்றரில் மிளகு எழும்பியது."